முப்பத்தொரு மாதங்கள்

பல்லை அறுப்பது என் தொழில். பிடுங்கிய பல்லைப் பிசினில் பதித்து, கண்ணாடித் தாள் போல மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழே வைத்து வளையங்களை எண்ண வேண்டும். மரத்துக்குள் வருடக் கணக்கு இருப்பதுபோலப் பல்லுக்குள் மாதக் கணக்கு இருக்கிறது. வெயில் பட்ட மாதம் வெளிறிக் கிடக்கும். வெயில் படாத மாதம் கறுத்துக் கிடக்கும். ஸ்கார்விக் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். கழுத்து நிரந்தரமாக வலிக்கிறது. மூக்குக்கண்ணாடி மூன்று தடவை மாற்றியாயிற்று.

இந்த வட நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் பல் வரிக்குதிரை மாதிரி இருக்கும். குளிர்காலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, கோடைக்கு ஒரு வெள்ளைக் கோடு. நான் பிறந்த வெயில் நாட்டில் வளர்ந்தவர்களின் பல்லில் பார்ப்பதற்கே ஒன்றுமில்லை. முழுக்க வெள்ளை. அப்படிப்பட்ட பற்கள் என் மேசைக்கு வருவதும் குறைவு.

அந்தத் தை மாதம் ஒரு ஞானப்பல் வந்தது. பெயர் எழுதி வராது, எண் மட்டும்தான். ஞானப்பல் ஏறக்குறைய ஒன்பது வயதில் உருவாகத் தொடங்கி பதினெட்டு வரை வளர்வது. பன்னிரண்டு வயது வரை வெள்ளையாக இருந்தது. அதன் பிறகு கறுப்பு தொடங்கியது. இதோ கோடை வரும், வெளிறும் என்று பார்த்துக்கொண்டே போனேன். வரவில்லை. எண்ணினேன். முப்பத்தொரு மாதம். பிறகு கத்தியால் வெட்டியதுபோல மறுபடியும் வெள்ளை.

முப்பத்தொரு மாதம் சூரியன் உதிக்காத ஊர் பூமியில் எங்கும் கிடையாது. நாங்கள் இருக்கும் இந்த ஊரில்கூடக் குளிர்காலத்தில் எட்டுக் கிழமைதான், ஏறக்குறைய இரண்டு மாதம். பல்லில் படிந்த உப்புகளை வைத்து, வளர்ந்த மண் எந்தப் பக்கம் என்று சொல்லும் இன்னொரு சோதனை இருக்கிறது. அதன் விடை இன்னும் குழப்பியது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், வடக்கே எட்டு ஒன்பது பாகை.

"மாதிரி மாறிப்போயிருக்கும்" என்றார் பக்கத்து மேசைக்காரர். நான் இன்னொரு சீவல் எடுத்து முதலிலிருந்து எண்ணினேன். அதே முப்பத்தொன்று.

மறுநாள் கீழ்மாடியிலிருந்து நரம்பு மருத்துவர் மாரிட் தொலைபேசியில் அழைத்தார். "அந்தப் பல்லுக்குரியவர் உன் மொழி பேசுகிறவர். அவருக்கு எங்கள் மொழி தெரியும், தகப்பனுக்குத் தெரியாது. தகப்பனிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். வருவாயா?"

மத்தியானம் பன்னிரண்டு மணி. மாரிட்டின் அறை யன்னலுக்கு வெளியே நீல இருட்டு. சூரியனைப் பார்த்து ஏழு கிழமை ஆகியிருந்தது. எல்லோருடைய முகத்திலும் ஒரு வாட்டம் இருந்தது. உள்ளே போனதும் முதலில் அந்தக் கிழவர்தான் எழுந்து நின்றார். கம்பளித் தொப்பிக்குக் கீழே திருநீறு.

"பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். அவர் பெயர் சின்னராசா. எழுபத்தாறு வயது. ஊரில் நெல் விதைத்தவர். மகளைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஆறு வருடத்துக்கு முன்னர் வந்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசாவில் இருக்கிறார்.

மகள் சுகிர்தா. நாற்பத்தைந்து வயது. இருபத்து நாலு வயதில் இங்கே வந்து மீன் ஆலையில் சால்மன் வெட்டியவள். விரல்கள் மரத்துக் கத்தி வழுகி உள்ளங்கை கிழிந்த நாளில்தான் நோய் தெரிய வந்தது. எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உடம்பைக் காக்க வேண்டிய செல்களே நரம்புகளின் மேலுறையைத் தின்னத் தொடங்கும் நோய். இப்போது வலது காலை இழுத்து இழுத்து, ஊன்றுகோலுடன் நடக்கிறாள். பக்கத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். களைத்த சிரிப்பு.

மாரிட் பேசினார். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன்.

"இந்த நோய்க்கு ஒரு பூகோளம் இருக்கிறது. நிலநடுக்கோட்டை விட்டு விலகிப் போகப் போக நோயாளிகள் கூடுவார்கள். வெயில் குறைவது ஒரு காரணம். சிறு வயதில் எல்லோருக்கும் தொற்றுகிற ஒரு வைரஸ் இன்னொரு காரணம். வெயில் இல்லாத உடம்பில் அந்த வைரஸ் வந்தால், காவல் செல்கள் எதிரி யார், சொந்தம் யார் என்ற பாடத்தைத் தவறாகப் படித்துவிடுகின்றன. அந்தப் பாடம் பதினைந்து வயதோடு முடிந்துவிடும். அதற்கு முன்னர் வடக்கே வந்த பிள்ளைக்கு வடக்கின் ஆபத்து. அதற்குப் பின்னர் வந்தவர் தான் பிறந்த ஊரின் பாதுகாப்பைக் கூடவே கொண்டு வருகிறார். உங்கள் மகள் இருபத்து நாலு வயதில் வந்தவர். இவருக்கு இது வந்திருக்கக் கூடாது."

"சூரியனுக்கு எங்கட ஊரில என்ன பஞ்சம்?" என்றார் சின்னராசா. "வயலுக்கை பத்து மணிக்கு நிண்டால் தலை வெடிக்கும்."

"அதனால்தான் இவருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது" என்றார் மாரிட். "புதிய ஊசி ஒன்று இருக்கிறது. ஒன்பது கிழமை போட வேண்டும். தவறாகப் படித்த செல்களுக்குத் திரும்பவும் பாடம் சொல்லிக்கொடுக்கும். ஆனால் இருட்டால் வந்த நோய்க்கு மட்டும்தான் அது சரி. வேறு காரணத்தால் வந்த இரண்டு பேருக்குப் போட்டு, இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு குழு, நோயாளி வளர்ந்த ஊரைப் பார்த்துத்தான் அனுமதி தருகிறது. உங்கள் ஊரைப் பார்த்ததும் இல்லை என்றது. போன மாதம் இவருக்கு ஞானப்பல் பிடுங்கினார்கள். எனக்கு ஒரு சந்தேகம். அதை மேலே அனுப்பினேன்." என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு."

சொன்னேன். "ஐயா, அந்தப் பல்லில பன்னிரண்டு வயசுக்குப் பிறகு முப்பத்தொரு மாசம் வெயிலே இல்லை."

"எத்தினை?"

"முப்பத்தொண்டு."

அவர் குனிந்து காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். சுகிர்தா உடனே இந்த நாட்டு மொழியில், தகப்பனுக்கு விளங்காதபடி, "எனக்கு அப்போது சிறுநீரகத்தில் நோய். படுக்கையில்தான் இருந்தேன்" என்றாள்.

"உங்கள் சிறுநீரகத்தைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டேன்" என்றார் மாரிட் மெதுவாக. "அதற்கு ஒருநாளும் நோய் வந்ததில்லை."

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். "ஒன்றிரண்டு குளிர்காலத்தை உடம்பு தாங்கும். தொடர்ந்து இரண்டு வருடம் இருட்டில் இருந்தால்கூட, வெளியே வந்ததும் பெரும்பாலும் திருந்திவிடும். அதையும் தாண்டினால்தான் தவறான பாடம் அழியாமல் நின்றுவிடுகிறது." வழக்கம்போல அதையும் நான் தமிழில் சொன்னேன். அந்த ஒரு வசனத்தை விட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

மாரிட் படிவத்தை எடுத்தார். பல் மட்டும் போதாது, இருட்டுக்கான காரணத்தையும் குழு கேட்கும். இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று, நோய். மற்றது, பாதுகாவலரின் செயல்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"பிள்ளையை வெளிச்சத்துக்கு விடாமல் வைத்திருந்தது. பெற்றோரின் வாக்குமூலம் வேண்டும். அதைக் குறித்தால் தகவல் தானாகவே குடிவரவுப் பகுதிக்குப் போகும். அவருடைய விசாவைப் பிறகு புதுப்பிக்கமாட்டார்கள்." மாரிட் கண்களைத் தேய்த்தார். "படிவத்தை நான் செய்யவில்லை. முதுகுத்தண்டின் படத்தைப் பார்த்தால் ஏப்ரலுக்குள் ஊசி தொடங்க வேண்டும். பிறகு போட்டும் பயனில்லை."

சுகிர்தா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "எனக்கு ஊசி வேண்டாம் டொக்டர்" என்றாள்.

வாடகைக் கார் வரும்வரை தகப்பனை வரவேற்பறையில் இருத்திவிட்டு, அவளைச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துப் போனேன். கோப்பையை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு கையில் பிடித்தால் ஆடும்.

"அக்கா, உங்களுக்கு விளங்கியிருக்கும்தானே" என்றாள்.

"கொஞ்சம் விளங்குது. நீங்கள் சொன்னால்தான் முழுக்க விளங்கும்."

"சண்டைக் காலம். சண்டைக்கு ஆள் சேக்க, வீட்டுக்கு ஒரு பிள்ளை எண்டு பிடிச்சுக்கொண்டு போனவங்கள். பிறகு ஒண்டோடயும் விடேல்லை. என்ர அக்கா தயாளினிக்குப் பதினேழு. ரியூசன் வகுப்புக்குப் போனவள், வரேல்லை. மூண்டு மாசத்தில ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒண்டும் வரேல்லை. அம்மா அதுக்கு முதலே காய்ச்சலில செத்துப்போட்டா. மிச்சம் நானும் அப்பாவும்தான். எனக்குப் பன்னிரண்டு வயசு. ஆனா நல்ல உயரம், நெடுவல். பாக்கிறவைக்குப் பதினைஞ்சு எண்டு தெரியும். அப்பா மாட்டுக்கொட்டிலுக்குக் கீழ கிடங்கு வெட்டினார். மேல பனங்குத்தி அடுக்கி, ஒரு ஓரத்தில ஏறி இறங்கப் பலகை மூடி வைச்சு, மண் போட்டு, வைக்கல் போட்டு, அதுக்கு மேல மாட்டைக் கட்டினார். என்னை மாமா வீட்டுக்கு அனுப்பிப்போட்டன் எண்டு ஊரில சொன்னார்."

"முப்பத்தொரு மாசமும் உள்ளுக்கையோ?"

"குளிக்கிறதுக்கு மட்டும் இருட்டில வெளிய விடுவார். மற்றபடி அதுக்குள்ளதான். கணக்குப் புத்தகம் ஒண்டும் ரோச் லைற்றும் தந்தவர். ஒவ்வொரு நாளும் மூடிக்கு மேல வந்திருந்து, மாட்டோட கதைக்கிற மாதிரி எனக்கு வெளி விசயம் சொல்லுவார். மழை வந்தது, பயிர் கதிர் தள்ளிப்போட்டுது, இன்னாரின்ர பெட்டையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்... அக்கா, என்ர வகுப்பில பத்தொன்பது பெட்டையள். நாலு பேர்தான் மிச்சம்."

"இந்த நோய் அதாலதான் எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நோய் பிடிபட்டு ஒரு வருசத்தில. ஆசுப்பத்திரியில குடுத்த புத்தகத்தை வாசிச்சன். வெயில், பதினைஞ்சு வயசு எண்டெல்லாம் இருந்துது. அண்டைக்கே விளங்கியிட்டுது. அப்பாவிட்ட, ஏன் இந்த வருத்தம் வந்ததெண்டு தெரியாது, கடவுள் தந்தது எண்டு சொல்லி வைச்சிருந்தன். இண்டைக்கு டொக்டர் சொன்னதில அவருக்கு எவ்வளவு விளங்கிச்சுதோ தெரியாது." கோப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டு பிள்ளையில ஒண்டைத்தான் அவரால காப்பாத்த ஏலுமா இருந்தது. அந்த ஒண்டையும் நீங்கள்தான் நாசமாக்கினனீங்கள் எண்டு நான் அவருக்குச் சொல்லோணுமோ? சொல்லிப்போட்டு அவரைத் தனிய ஊருக்கு ஏத்தி விடோணுமோ? நீங்கள் நோய் எண்டு எழுதுங்கோ அக்கா. உங்கட கையிலதானே பல் இருக்குது."

முடியாது என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. நோயால் வரும் கறுப்பு இப்படி இருக்காது. அது மெல்ல மெல்லக் கறுத்து மெல்ல மெல்ல வெளிறும். இவளுடைய பல்லில் கதவைத் திறந்து மூடியதுபோல இருந்தது. வேறு எவரும் பார்த்தால் பொய் என்று உடனே சொல்லிவிடுவார்கள். பிறகு ஊசியும் இல்லை, என் வேலையும் இல்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய் என் மகளுக்கு, வெயிலுக்குப் பதிலாகக் கொடுக்கும் மீன் எண்ணெயைக் கொடுத்தேன். அவளுக்குப் பதினொரு வயது. தினமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாள். அன்றைக்கு வேண்டாம் என்று அடம்பிடித்தாள். நான் கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சின்னராசாவிடமிருந்து தொலைபேசி. வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். என் எண்ணை மகளின் தொலைபேசியிலிருந்து எடுத்திருக்கிறார். போனேன். சிறிய அடுக்குமாடி வீடு. குளியலறையில், கூடத்தில், கட்டிலருகே என்று எல்லா இடமும் சுவரில் கைபிடிகள் பூட்டியிருந்தன. அவரே பூட்டியவை என்பது தெரிந்தது. ஒவ்வொன்றும் அவளுடைய கை எட்டும் உயரத்தில் இருந்தது. ஊன்றுகோலின் சத்தம் கேட்கவில்லை.

"நித்திரை கொள்ளுறாள். இப்ப பகலிலயும் களைச்சுப்போறாள்" என்றார். பிட்டு அவித்திருந்தார். என் முன்னால் ஒரு தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பிள்ளை, நான் கமக்காரன், வயல் செய்தவன். வைக்கல் போருக்குக் கீழ முளைக்கிற புல்லு என்ன நிறம் எண்டு எனக்குத் தெரியும். அவளைக் கிடங்குக்கை வைச்ச ஆறாம் மாசமே அவளின்ர தோலுக்கு அந்த வெளிறின நிறம் வந்திட்டுது. நான் பாத்தனான். பாத்துக்கொண்டுதான் மூடினனான். இந்த வருத்தம் வந்த உடனை அதுதான் எண்டு மனம் சொல்லிச்சுது. அவள் கடவுள் தந்ததெண்டு சொன்னாள். நானும் ஓமெண்டன்."

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது பரவாயில்லை" என்றார். "செத்த பிள்ளையை விட நொண்டுற பிள்ளை பரவாயில்லை. அதை நான் எங்கயும் சொல்லுவன். ஆனா அந்த டொக்டர் அம்மா ஒண்டு சொன்னா. ரெண்டு வருசம் எண்டால் தாங்கியிருக்கும் எண்டு."

"அது சராசரிக் கணக்கு ஐயா. ஆளுக்கு ஆள் மாறும்."

"நீங்கள் நல்ல பிள்ளை" என்றார். என் பேச்சை அவர் நம்பவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. "ரெண்டு வருசத்தில அவங்கள் எங்கட ஊரை விட்டுப் போட்டாங்கள். சண்டை அங்கால தள்ளிப்போட்டுது. மற்ற வீடுகளில ஒளிச்சிருந்த பிள்ளையளை வெளிய எடுத்துப்போட்டினம். பள்ளிக்கூடம்கூடத் திறந்தது. நான் எடுக்கேல்லை. திரும்பி வருவாங்கள் எண்டு எனக்கொரு பயம். நாளைக்கு எடுப்பம், நாளைக்கு எடுப்பம் எண்டு ஏழு மாசம் போட்டுது. அவளுக்கு மேல இருந்துகொண்டு, இன்னும் நிக்கிறாங்கள், சத்தம் போடாதை எண்டு பொய் சொன்னனான். ஏழு மாசம், பிள்ளை. அதுக்குச் சண்டை காரணமில்லை. நான்தான் காரணம்."

வெளியே பனி அள்ளும் வண்டி போனது. அது போய் முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"டொக்டரிட்டச் சொல்லுங்கோ, நான் எழுதிக் குடுக்கிறன் எண்டு. என்னை அனுப்பினால் போறன். அவளுக்கு ஊசி போடட்டும்."

"சுகிர்தா சம்மதிக்கமாட்டா ஐயா."

"தகப்பன் சொல்லுறதுக்கு மகளின்ர சம்மதம் தேவையோ?"

தேவையில்லை. பாதுகாவலர் தானாக முன்வந்து வாக்குமூலம் கொடுக்கலாம் என்று விதியிலேயே இருந்தது. திங்கட்கிழமை மாரிட்டிடம் சொன்னேன். அவர் படிவத்தை வெளியே எடுத்தார். "இப்படி எத்தனை பேருடைய பற்களில் இருக்குமோ" என்றார். "நாங்கள் வரைபடத்தில் கோடு போட்டு, இதற்கு இந்தப் பக்கம் இருட்டு, அந்தப் பக்கம் வெளிச்சம் என்று வைத்திருக்கிறோம்."

விசாரணை மாசி மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை பகல். சூரியன் திரும்பி வந்திருந்தது. மலை விளிம்பில் அரை மணித்தியாலம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். மாரிட்டின் அறையில் பெரிய திரை. திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த பெண்தான் குழுவின் தலைவர். அன்றைக்கு அது அவருடைய ஒன்பதாவது விசாரணை என்று சொன்னார். அவருடைய கண்களுக்குக் கீழேயும் கறுப்பு விழுந்திருந்தது.

சுகிர்தா வரமாட்டேன் என்று நின்றவள் கடைசி நேரத்தில் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. எழும்புங்கோ, வீட்ட போவம்" என்றாள்.

"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றார் அவர்.

கிடங்கு வெட்டியதிலிருந்து சொன்னார். நான் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தேன். தயாளினியின் பெயர் வந்தபோது அவர் நிறுத்தினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். பிறகு அந்த ஏழு மாதத்துக்கு வந்தார். திரையைப் பார்த்துச் சொல்லாமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"அவங்கள் போய் ஏழு மாசமும் நான் உனக்குப் பொய் சொன்னனான், சுகிர்தா. நிக்கிறாங்கள் எண்டு சொன்னன். ஒருத்தரும் நிக்கேல்லை. ரெண்டு வருசத்தோட உன்னை வெளிய விட்டிருந்தால் உனக்கு இது வந்திராது."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் சுகிர்தா பேசினாள்.

"தெரியும் அப்பா."

"என்ன தெரியும்?"

"அவங்கள் போனது தெரியும். பள்ளிக்கூட மணி எனக்குக் கேக்குந்தானே. ரெண்டு வருசமாக் கேக்காத மணி. பக்கத்து வீட்டுப் பெட்டை கிணத்தடியில பாட்டுப் படிக்கிறதும் கேட்டுது. ஒளிச்சிருந்த பிள்ளை பாட்டுப் படிக்குமோ?"

கிழவர் அவளையே பார்த்தார். "அப்ப ஏன் வெளிய வரேல்லை? மூடியைத் தள்ளினால் திறந்திருக்குமே. அது பாரமில்லையே."

"ஒருநாள் தள்ளினனான்" என்றாள். "நீங்கள் அதுக்கு மேல சாக்கை விரிச்சுப்போட்டு நித்திரை கொண்டனீங்கள். பகல் நேரம். அக்கா போன பிறகு நீங்கள் நித்திரை கொண்டு நான் கண்டதில்லை. அந்த மூடிக்கு மேல படுத்தால்தான் உங்களுக்கு நித்திரை வந்தது. குறட்டை கேக்கும். நான் வெளிய வந்திட்டால் நீங்கள் திரும்ப றோட்டு றோட்டா அக்காவைத் தேடித் திரிவியள். சாப்பிடமாட்டியள். செத்துப்போவியள் எண்டு நினைச்சன். எனக்குப் பதினாலு வயசு. அவ்வளவுதான் தெரியும். சரி, உங்களுக்குப் பயம் தெளியுமட்டும் இருப்பம் எண்டு இருந்தன். நான்தான் இருந்தனான் அப்பா. நீங்கள் வைச்சிருக்கேல்லை."

சின்னராசா கையை நீட்டி அவளுடைய ஆடுகிற கையைப் பிடித்தார். அந்தக் கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து ஆடின.

"என்ன சொல்கிறார்கள்?" என்று திரையிலிருந்து கேட்டார்கள்.

ஒரு நிமிடம் வேண்டும் என்றேன். சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இந்த இருவரும் ஒருவருக்காக மற்றவர் சொல்லாமல் விட்டதெல்லாம் போதும் என்று பட்டது. ஒன்றையும் விடாமல், பள்ளிக்கூட மணி, பாட்டு, சாக்கு, குறட்டை எல்லாவற்றையும் சொன்னேன். மாரிட் யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "சிகிச்சைக்கு அனுமதி தருவதில் எங்களுக்குத் தடை இல்லை" என்றார். "இருட்டுக்குக் காரணம் நிரூபணமாகிவிட்டது. படிவத்தில் எந்தப் பெட்டி என்பதுதான்..."

"மூன்றாவதாக ஒன்று போட முடியாதா?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"படிவத்தில் இரண்டுதான் இருக்கின்றன. மூன்றாவதாக எழுதினால் கணினி திருப்பி அனுப்பிவிடும். அடுத்த வருடம் மாற்றச் சொல்லி நான் எழுதலாம்." அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். "அடுத்த வருடம் இவருக்குக் காலம் கடந்துவிடும், இல்லையா?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். சின்னராசா மகளின் கையை விடாமலே, "ரெண்டாவதைப் போடச் சொல்லுங்கோ பிள்ளை. அது பொய்யில்லையே" என்றார்.

சுகிர்தா வேண்டாம் என்று அழுதாள். அவர் கேட்கவில்லை. பெயருக்கு நேரே கையெழுத்திட்டார். பழைய காலத்துக் கையெழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டு, தன் பெயரை முழுதாக எழுதினார்.

பங்குனியில் ஊசி தொடங்கியது. ஒன்பது கிழமையும் அவர்தான் அவளை அழைத்து வந்தார். சில நாட்களில் காய்ச்சல், வாந்தி. சில நாட்களில் அவள் பேசவே மாட்டாள். வைகாசி முடிவில் எடுத்த படத்தில் புதிய புண் ஒன்றும் இல்லை. நோய் நின்றுவிட்டது என்று மாரிட் சொன்னார். ஆனால் போன கால் திரும்பி வராது என்றும் சொன்னார். அதே கிழமை குடிவரவுப் பகுதியின் கடிதமும் வந்தது. விசா புதுப்பிக்கப்படவில்லை. ஆவணி முடிவதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். மேன்முறையீடு செய்தோம். நான்தான் எழுதினேன். மூன்றே வரியில் பதில் வந்தது.

ஆடி மாதத்தில் சுகிர்தாவும் தகப்பனோடு போவதற்காக வீட்டைக் காலி செய்வதாக அறிவித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மாரிட்டும் கேள்விப்பட்டார். புறப்படும் நாளில் இருவரும் விமான நிலையத்துக்குப் போனோம். நல்ல பகல் வெளிச்சம். சின்னராசா புதிய சட்டை போட்டிருந்தார். மாரிட் நேரே சுகிர்தாவிடம் போய்ப் பேசினார். மருத்துவராகப் பேசுகிறாரா, தோழியாகப் பேசுகிறாரா என்று தெரியாத ஒரு கோபம் அவர் குரலில் இருந்தது.

"ஐந்து பேரில் ஒருவருக்கு நோய் திரும்பி வருகிறது. வந்தால் இரண்டாம் தடவை ஊசி இங்கேதான் கிடைக்கும். அங்கே இல்லை. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அங்கே நல்ல வெயில் இருக்கிறது என்று நினைத்துப் போகாதே. வெயிலுக்கும் உனக்கும் இருந்த கணக்கு பதினைந்து வயதிலேயே முடிந்துவிட்டது. இப்போது எவ்வளவு வெயிலில் நின்றாலும் இந்த நோய்க்கு அது ஒன்றும் செய்யாது."

"அதுவும் தெரியும் டொக்டர்" என்றாள் சுகிர்தா. "நான் வெயிலுக்காகப் போகவில்லை."

மாரிட் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சின்னராசா என் அருகே வந்தார். "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார்.

டொக்டர் சொன்னதையும் மகள் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு போய், அவள் தோளில் தொங்கிய பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ முன்னால நட" என்றார். "நான் பின்னால வாறன்."